தனித்தொழில் தொடங்குவோரின் தயக்கம்: மாமல்லபுரச் சிற்பத் தொழிலை முன்வைத்து

தனித்தொழில் தொடங்குவோரின் தயக்கம் என்பது, ஒரு நிறுவனத்தில் மாதச் சம்பளத்துக்குச் சேராமல் தன் திறனை நேரடியாக வாடிக்கையாளருக்கு விற்கத் தொடங்கும் ஒருவருக்குத் தன் தகுதி குறித்து எழும் ஐயம் ஆகும். "இந்த வேலையை என்னால் முடிக்க இயலுமா", "இவ்வளவு பணம் கேட்கலாமா", "என்னைவிடத் தெரிந்தவர்கள் இருக்கும்போது என்னிடம் ஏன் வருவார்கள்" என்ற மூன்று கேள்விகளாக இது பெரும்பாலும் வெளிப்படுகிறது. எழுத்து, வடிவமைப்பு, மென்பொருள், மொழிபெயர்ப்பு, ஒளிப்படம் போன்ற துறைகளில் தனித்தொழில் செய்வோரை ஃப்ரீலான்சர் என்று அழைப்பது வழக்கம். ஆனால் அந்தச் சொல் வருவதற்கு நெடுங்காலம் முன்பே தச்சர், கொல்லர், ஓவியர், சிற்பி ஆகியோர் இதே முறையில்தான் வேலை செய்து வந்தனர். வேலைக்கு வேலை பேசி, அச்சாரம் வாங்கி, செய்து கொடுத்துக் கூலி பெறுவது அவர்கள் முறை.

செங்கல்பட்டு மாவட்டத்தின் கடற்கரையில் உள்ள மாமல்லபுரம் இந்தப் பொருளைப் புரிந்துகொள்ள ஏற்ற இடம். உளியோசை கேட்கும் சிற்பக்கூடங்களும், பழைய மாமல்லபுரம் சாலையில் சிறுசேரி வரை நீளும் கணினி நிறுவனங்களும் ஒரே மாவட்டத்தில் இருக்கின்றன. கல்லில் வேலை செய்பவரும் கணினியில் வேலை செய்பவரும் தனியாகத் தொழில் தொடங்கும் நாளில் சந்திக்கும் தயக்கம் ஏறத்தாழ ஒன்றே.

மாமல்லபுரத்துப் பின்புலம்

மாமல்லபுரத்தின் குடைவரைகள், ஒற்றைக்கல் ரதங்கள், அர்ச்சுனன் தபசு என்று அழைக்கப்படும் பெரும் புடைப்புச் சிற்பம் ஆகியவை பல்லவர் காலத்தவை. 1984ஆம் ஆண்டு யுனெஸ்கோ இவற்றை உலகப் பாரம்பரியச் சின்னங்களாக அறிவித்தது. இங்குள்ள இன்றைய சிற்பிகள் எல்லோரும் பல்லவர் காலச் சிற்பிகளின் நேரடி வழித்தோன்றல்கள் என்று பார்வையாளர்கள் பலர் எண்ணுகிறார்கள். ஆனால் ஊரின் இன்றைய சிற்பத் தொழில் பெருமளவு 1957க்குப் பின் வளர்ந்தது. அந்த ஆண்டில்தான் அரசு இங்கு ஒரு சிற்பப் பயிற்சி நிறுவனத்தைத் தொடங்கியது. அதன் முதல் தலைவர் வைத்தியநாத ஸ்தபதி. அவருக்குப் பின் அவர் மகன் வை. கணபதி ஸ்தபதி பல ஆண்டுகள் அதை நடத்தினார். இன்று அது அரசு கட்டடக்கலை மற்றும் சிற்பக்கலைக் கல்லூரியாக, தமிழ்நாடு டாக்டர் ஜெ. ஜெயலலிதா இசை மற்றும் கவின்கலைப் பல்கலைக்கழகத்துடன் இணைந்து இயங்குகிறது. மரபுக் கட்டடக்கலை, மரபு ஓவியம் ஆகியவற்றுடன் கல், மரம், உலோகம், சுதை ஆகியவற்றில் சிற்பம் செய்யவும் அங்கு கற்பிக்கப்படுகிறது.

இந்த வரலாறு தயக்கம் என்ற பொருளோடு நேரடியாகத் தொடர்புடையது. "இது பரம்பரைத் தொழில், நமக்கு வருமா" என்பது சிற்பம் கற்க வரும் புதியவர்களின் முதல் ஐயம். ஸ்தபதி குடும்பத்தில் பிறக்காதவரும் கல்லூரியில் சேர்ந்து சிற்பம் கற்கலாம் என்ற நிலை வந்து அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. 2015இல் உலகக் கைவினை மன்றம் மாமல்லபுரத்தைக் கற்சிற்ப நகரமாக ஏற்றதற்கும், 2017இல் மாமல்லபுரம் கற்சிற்பங்களுக்குப் புவிசார் குறியீடு கிடைத்ததற்கும் பின்னால், கற்று வந்தவர்களின் உழைப்பும் இருக்கிறது.

கல்லூரியை முடித்தவருக்கு முன்னால் சில வழிகள் உள்ளன. பெரிய சிற்பக்கூடத்தில் நாள்கூலிக்குச் சேரலாம். கோயில் திருப்பணி எடுக்கும் ஸ்தபதியுடன் ஊர் ஊராகச் செல்லலாம். அரசின் பூம்புகார் நிறுவனம் போன்ற விற்பனை அமைப்புகளுக்குச் செய்து தரலாம். அல்லது சாலையோரம் ஒரு கொட்டகை போட்டுத் தானே வேலை பிடிக்கலாம். கடைசி வழியில்தான் தயக்கம் மிகுதி. மற்ற இடங்களில் விலையை வேறொருவர் பேசுவார், பிழையை வேறொருவர் கண்டு சொல்வார். தனியாக நிற்பவர் இரண்டையும் தானே செய்ய வேண்டும்.

தயக்கம் எங்கிருந்து வருகிறது

முதற்காரணம், அளவுகோல் இல்லாமை. மாணவருக்கு மதிப்பெண் உண்டு, ஊழியருக்கு மேலாளர் உண்டு. தனித்தொழில் செய்பவருக்கு இரண்டும் இல்லை. வாடிக்கையாளர் மறுபடி அழைக்கவில்லை என்றால் வேலை சரியில்லையா, விலை கூடுதலா, அவருக்குப் பணமுடையா என்று தெரிய வழியில்லை. காரணம் தெரியாத மௌனத்தை மனம் பெரும்பாலும் தன் குறையாகவே எடுத்துக்கொள்கிறது.

இரண்டாவது காரணம், ஒப்பீடு. மாமல்லபுரத்தில் ஐந்து ரதம் செல்லும் சாலையில் நடந்தால் இருபுறமும் மற்றவர் செய்த சிற்பங்கள் வரிசையாக நிற்கும். அவை அனைத்தும் மெருகேற்றி முடித்தவை. அவற்றைச் செய்தவர் உடைத்த கல்லும் பாழாக்கிய முகமும் அங்கே வைக்கப்படுவதில்லை. இணையத்தில் வடிவமைப்பாளர்கள் வைக்கும் மாதிரித் தொகுப்பும் இப்படிப்பட்டதே. புதியவர் தன் முழு உழைப்பின் தடுமாற்றத்தை மற்றவரின் முடிந்த வேலையோடு ஒப்பிடுகிறார்.

மூன்றாவது காரணம், குடும்பமும் ஊரும். மாதம் பிறந்தால் சம்பளம் வரும் வேலையே வேலை என்ற எண்ணம் வலுவாக உள்ள இடத்தில், "சும்மா இருக்கிறாயா, வேலைக்குப் போகிறாயா" என்ற கேள்வி தினமும் வரும். சுற்றுலாப் பயணிகள் மிகுதியாக வரும் மார்கழி, தை மாதங்களில் வருமானம் ஏறி, கோடையில் இறங்கும் ஊரில் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்வது எளிதன்று.

உளவியல் விளக்கங்கள்

1978ஆம் ஆண்டு அமெரிக்க உளவியலாளர்களான பாலின் கிளான்ஸ், சூசன் ஐம்ஸ் இருவரும் ஒரு கட்டுரை வெளியிட்டனர். கல்வியிலும் தொழிலிலும் உயர்ந்த நிலையில் இருந்த 150க்கும் மேற்பட்ட பெண்களிடம் அவர்கள் ஒரு பொதுத்தன்மையைக் கண்டனர். பட்டம், பாராட்டு, பதவி எல்லாம் இருந்தும், தாங்கள் உண்மையில் திறமையற்றவர்கள், மற்றவரை ஏமாற்றி வருகிறோம், ஒருநாள் பிடிபடுவோம் என்று அந்தப் பெண்கள் எண்ணினர். இதைப் 'போலி உணர்வு' எனலாம். கிளான்சும் ஐம்சும் இதை ஓர் அனுபவமாகவே விவரித்தனர். இது ஆண்களிடமும் காணப்படுவதைப் பிற்கால ஆய்வுகள் காட்டின.

1999இல் டேவிட் டன்னிங், ஜஸ்டின் குரூகர் இருவரும் செய்த ஆய்வு, திறன் குறைந்தவர்கள் தம்மை மிகையாக மதிப்பிடுவதைக் காட்டியதற்காகப் பெயர்பெற்றது. அதே ஆய்வின் மறுபாதி அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. தேர்வில் முதல் வரிசையில் வந்தவர்கள், மற்றவரோடு ஒப்பிட்ட தம் இடத்தைக் குறைத்தே மதிப்பிட்டனர். தமக்கு எளிதாக வருவது எல்லோருக்கும் எளிதாக வரும் என்று அவர்கள் நினைத்ததே காரணம். கல்லைத் தட்டி ஓசையைக் கேட்டே உள்ளே விரிசல் இருக்கிறதா என்று சொல்லிவிடும் சிற்பி, அதை ஒரு திறனாகவே எண்ணுவதில்லை. வாங்க வருபவருக்கோ அது பெரிய வித்தை.

ஆல்பர்ட் பண்டூரா 1977இல் முன்வைத்த 'தன்திறன் நம்பிக்கை' என்ற கருத்து இங்கு மிகவும் பயன்படும். ஒரு குறிப்பிட்ட வேலையைத் தன்னால் செய்ய முடியும் என்ற நம்பிக்கை நான்கு ஊற்றுகளில் இருந்து வருகிறது என்றார் அவர். முதலாவது, தானே செய்து முடித்த அனுபவம். இரண்டாவது, தன்னைப் போன்ற ஒருவர் செய்வதைப் பார்ப்பது. மூன்றாவது, நம்பத்தக்கவர் சொல்லும் ஊக்கமொழி. நான்காவது, உடலும் மனமும் இருக்கும் நிலை. இவற்றில் முதலாவதே மிக வலுவானது. தன்னம்பிக்கை வந்தபின் வேலையைத் தொடங்கலாம் என்று காத்திருப்பவர்கள் இந்த வரிசையைத் தலைகீழாக வைத்துவிடுகிறார்கள். வேலை முடிந்த பிறகே நம்பிக்கை வருகிறது.

தயக்கம் தரும் இழப்பு

தயக்கம் மனத்தோடு நிற்பதில்லை, கணக்கிலும் தெரியும். ஓர் எடுத்துக்காட்டைப் பார்க்கலாம். இதில் வரும் தொகைகள் விளக்கத்துக்காக வைத்துக்கொண்டவை, சந்தை விலைகள் அல்ல.

தனியாகக் கொட்டகை போட்ட இளம் சிற்பி ஒருவரின் வீட்டுச் செலவு மாதம் 18,000 ரூபாய் என்று கொள்வோம். கொட்டகை வாடகை, மின்சாரம், கருவித் தேய்மானம் 6,000 ரூபாய். ஆக மாதம் 24,000 ரூபாய் வர வேண்டும். மாதத்தில் 30 நாளும் கூலிக்கு உரிய வேலை நடக்காது. கல் பார்க்கப் போவது, வாடிக்கையாளரிடம் பேசுவது, படம் வரைவது, விடுமுறை ஆகியவை போக 16 நாட்கள் மிஞ்சும் என்றால், ஒரு நாளின் மதிப்பு 1,500 ரூபாய். இரண்டடி உயரப் பிள்ளையார் சிலை ஒன்றுக்கு 12 நாட்கள் ஆகும் என்றால் உழைப்பு 18,000 ரூபாய். கல்லும் அறுக்கும் சக்கரமும் 5,000, கட்டி அனுப்ப 1,000. மொத்தம் 24,000 ரூபாய்.

வாடிக்கையாளர் விலை கேட்டதும் தயக்கம் மேலிட்டு அந்தச் சிற்பி "12,000 கொடுங்கள்" என்கிறார். பொருட்செலவு 6,000 போனால் 12 நாள் உழைப்புக்கு மிஞ்சுவது 6,000, அதாவது நாளுக்கு 500 ரூபாய். வேறொருவரின் கூடத்தில் உதவியாளாக நின்றிருந்தால்கூட இதைவிடக் கூடுதலாகக் கிடைத்திருக்கலாம். மாதக் கடைசியில் கையில் பணமில்லாதபோது, "நமக்குத் தொழில் வராது" என்று அவர் முடிவு செய்கிறார். அவருக்குச் சிற்பம் நன்றாகவே வருகிறது. விலை சொல்லத்தான் வரவில்லை. இரண்டும் வேறுவேறு திறன்கள் என்பதை அறியாமல் தொழிலையே விட்டவர்கள் எல்லாத் துறைகளிலும் உண்டு.

குறையா, தயக்கமா

எழும் ஐயம் அனைத்தையும் வெறும் தயக்கம் என்று தள்ளிவிடவும் கூடாது. சில ஐயங்கள் உண்மையான குறையைச் சுட்டுகின்றன. ஆறடிச் சிலையை இதுவரை செய்யாதவருக்கு அந்த வேலை வரும்போது எழும் பயம் பயனுள்ள எச்சரிக்கை. இரண்டையும் பிரித்தறிய ஓர் எளிய வழி, ஐயத்தைக் குறிப்பான கேள்வியாக எழுதிப் பார்ப்பது.

"என்னால் முடியுமா" என்பதற்கு யாராலும் பதில் சொல்ல முடியாது. "அபய முத்திரையின் விரல்களை உடையாமல் பிரித்தெடுக்க எனக்குத் தெரியுமா", "உத்தம தச தால அளவில் 124 அங்குலத்தை முகம், மார்பு, தொடை, கால் என்று பிழையின்றிப் பங்கிடத் தெரியுமா", "ஒரு டன் கல்லைப் புரட்ட ஆளும் சங்கிலிக் கப்பியும் என்னிடம் உண்டா" என்பவற்றுக்குப் பதில் உண்டு. "தெரியாது" என்பது பதிலானால் அது கற்க வேண்டிய பாடம். தெரிந்தவரை அந்தப் பகுதிக்குக் கூலிக்கு அழைக்கலாம், அல்லது அந்த வேலையை இப்போது ஏற்காமல் விடலாம். எல்லாக் கேள்விக்கும் "தெரியும்" என்று பதில் வந்தும் பயம் நீங்கவில்லை என்றால், அதுதான் தயக்கம்.

கணினி வேலைக்கும் இதே முறை பொருந்தும். "நான் நல்ல வடிவமைப்பாளரா" என்ற கேள்வியை விட்டு, "கைப்பேசித் திரையிலும் சரியாகத் தெரியும்படி ஐந்து பக்க இணையதளத்தை மூன்று வாரத்தில் முடிக்க முடியுமா" என்று கேட்டால் விடை கிடைக்கும்.

தயக்கத்தைக் கடக்கும் வழிகள்

சிறிய முழு வேலை. பண்டூரா சொன்ன முதல் ஊற்று, செய்து முடித்த அனுபவம். இதில் 'முடித்த' என்ற சொல் முக்கியம். பாதியில் நிற்கும் பெரிய சிலையைவிட, கண் திறந்து, மெருகேற்றி, வாங்கியவர் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்த ஓரடிச் சிலை கூடுதல் நம்பிக்கை தரும். விலை பேசுவது முதல் பணம் வாங்குவது வரை எல்லாக் கட்டங்களும் அதில் நடந்து முடிகின்றன. அதனால் முதல் சில வேலைகள் அளவில் சிறியவையாக, ஆனால் எல்லாக் கட்டங்களும் உள்ளவையாக இருப்பது நல்லது.

கட்டம் கட்டமாகப் பிரித்தல். மாமல்லபுரத்தின் முடிவுறாத குடைவரைகளில் பல்லவர் காலச் சிற்பிகளின் வேலைமுறை இன்றும் தெரிகிறது. பாறை முகப்பைச் சதுரங்களாகப் பிரித்து, கோடுகளின் வழியே பள்ளம் வெட்டி, இடையில் நிற்கும் கல்லைத் தட்டி எடுத்து, மறுபடியும் சதுரம் போட்டு உள்ளே சென்றிருக்கிறார்கள். மலையைப் பார்த்து மலைப்பவருக்குச் சதுரத்தைப் பார்த்தால் மலைப்பு வராது. ஒரு வேலையை "இன்று மாலைக்குள் எது முடிய வேண்டும்" என்ற அளவுக்குச் சிறிதாக்குவது அதே முறைதான்.

மாதிரி செய்து பார்த்தல். கன்னியாகுமரியில் 2000ஆம் ஆண்டு ஜனவரி 1 அன்று திறக்கப்பட்ட 133 அடி உயரத் திருவள்ளுவர் சிலையை வடிவமைத்தவர் கணபதி ஸ்தபதி. பீடம் 38 அடி, சிலை 95 அடி. இத்தனை உயரத்தில் இடுப்பை வளைத்து நிற்கும் உருவம் கல்லில் நிலைக்குமா என்பது நியாயமான ஐயம். அதற்கு விடை காணக் கல்லில் கைவைக்கும் முன் மரத்தில் மாதிரி செய்து பார்த்தார்கள். 2004 டிசம்பர் ஆழிப்பேரலையிலும் சிலை அசையவில்லை. ஐம்பது ஆண்டு அனுபவம் உள்ளவரும் ஐயத்தைச் சோதனையால் தீர்த்துக்கொண்டார் என்பது புதியவர்கள் கவனிக்க வேண்டியது. களிமண்ணில் ஒரு முகம், தாளில் ஒரு பக்க வடிவம், மொழிபெயர்ப்பில் ஒரு பத்தி என்று மாதிரி செய்து வாடிக்கையாளரிடம் காட்டினால், இருவரின் ஐயமும் தொடக்கத்திலேயே தீர்கிறது.

தன்னைப் போன்றவரைப் பார்த்தல். இரண்டாவது ஊற்று இது. ஐம்பது ஆண்டு கைப்பழக்கம் உள்ள மூத்த ஸ்தபதியைப் பார்த்தால் புதியவருக்கு வியப்பு வருமே தவிர, நம்பிக்கை வராது. தனக்கு இரண்டு ஆண்டு முன்னால் கல்லூரியை முடித்த அண்ணன் எப்படி முதல் வேலை பிடித்தார், முதல் கல்லை எங்கே உடைத்தார் என்று கேட்டால், அது தனக்கும் ஆகக்கூடியது என்ற எண்ணம் வரும்.

குறிப்பான பாராட்டும் குறிப்பான குறையும். "அருமை" என்ற சொல்லை மனம் எளிதில் நம்பாது. "ஆடை மடிப்பு நன்றாக வந்திருக்கிறது, காதுக்குழை மட்டும் தடித்துவிட்டது" என்று சொல்பவர் நம்பத்தக்கவர். வேலை முடிந்ததும் வாடிக்கையாளரிடம் "எது பிடித்தது, எதை மாற்றியிருக்கலாம்" என்று இரண்டே கேள்வி கேட்டு, விடையைத் தேதியோடு நோட்டில் எழுதி வைப்பது நல்ல பழக்கம். அடுத்த முறை ஐயம் எழும்போது, நினைவைவிட அந்த நோட்டு நேர்மையாகப் பேசும்.

உடலைக் காத்தல். நான்காவது ஊற்று பலரும் மறப்பது. தூக்கமின்றி, பசியோடு, மாலைக் களைப்பில் முகத்தைச் செதுக்கினால் கை நடுங்கும். நடுக்கத்தைத் திறமையின்மை என்று மனம் தவறாகப் படிக்கும். கண், உதடு போன்ற நுண்பகுதிகளைக் காலை வெளிச்சத்துக்கு ஒதுக்கி, களைத்த நேரத்தில் பருவேலையைச் செய்வது நல்லது. மின்சக்கரம் கொண்டு அறுக்கும்போது எழும் கல்தூசி நாள்பட்டால் நுரையீரலைக் கெடுத்துச் சிலிகோசிஸ் நோயைத் தரும். முகமூடி அணிவதும், தண்ணீர் விட்டு அறுப்பதும் தொழிலின் பகுதியாகவே கருதப்பட வேண்டும்.

நாள் கணக்கில் நேரும் பிழை

சொன்ன நாளில் முடிக்க முடியாதபோது தயக்கம் பன்மடங்காகிறது. இது தனி ஒருவரின் குறை மட்டும் அல்ல. டேனியல் கானமனும் ஏமோஸ் ட்வர்ஸ்கியும் 1979இல் இதைத் 'திட்டமிடல் பிழை' என்று விளக்கினர். 1994இல் வெளியான ஓர் ஆய்வில், ஆய்வேட்டை முடிக்கச் சராசரியாக 33.9 நாட்கள் ஆகும் என்று மாணவர்கள் கணித்தனர். உண்மையில் ஆனது 55.5 நாட்கள். அதாவது ஒன்றரை மடங்குக்கும் மேல். தன் கணிப்போடு பாதியைக் கூட்டிச் சொல்வதும், ஒவ்வொரு வேலைக்கும் உண்மையில் ஆன நாட்களைக் குறித்து வைப்பதும் இதற்கு மருந்து. பத்து வேலை முடிந்தால் புதியவரிடம் தனக்கே உரிய ஓர் அளவுகோல் இருக்கும். அளவுகோல் இல்லாமையே தயக்கத்தின் முதற்காரணம் என்பதை இங்கு நினைவுகூரலாம்.

அச்சாரமும் எழுத்தும்

அச்சாரம் கேட்பது அவநம்பிக்கையின் அடையாளம் என்று புதியவர்கள் கூசுகிறார்கள். அச்சாரம் இரு தரப்பையும் காக்கிறது. கொடுத்தவர் மனம் மாறமாட்டார் என்ற உறுதி செய்பவருக்கும், கல் வாங்கி வேலை தொடங்கிவிட்டது என்ற உறுதி கொடுத்தவருக்கும் கிடைக்கிறது. தொகையை மூன்றாகப் பிரித்து, தொடக்கத்தில் ஒரு பங்கு, உருவம் தெரிந்ததும் ஒரு பங்கு, ஒப்படைக்கும்போது மீதி என்று வாங்குவது வசதியானது.

அளவு, கல் அல்லது பொருளின் வகை, முடிக்கும் நாள், எத்தனை முறை திருத்தம், கல்லில் உள்விரிசல் வெளிப்பட்டால் யார் பொறுப்பு ஆகியவற்றை ஒரு பக்கத்தில் எழுதி இருவரும் வைத்துக்கொள்ள வேண்டும். வாய்மொழி ஒப்பந்தமும் இந்தியச் சட்டப்படி செல்லுபடியாகும், ஆனால் மெய்ப்பிப்பது கடினம். கைப்பேசியில் அனுப்பிய செய்தியும் சான்றாக உதவும். எழுதி வைத்த தாளுக்கு வேறொரு பயனும் உண்டு. என்ன செய்ய வேண்டும் என்பது தெளிவாக இருந்தால், "சரியாகச் செய்தேனா" என்ற ஐயத்துக்குத் தாளைப் பார்த்தே விடை காணலாம்.

விலை சொன்னபின் அமைதியாக இருப்பது தனிப் பயிற்சி. வாடிக்கையாளர் யோசிக்கும் சில விநாடிகளில் பதறி, அவர் கேட்காமலே விலையைக் குறைப்பது புதியவர்களின் பொதுவான பிழை. விலை கூடுதல் என்று அவர் சொன்னால் தொகையைக் குறைப்பதற்கு முன் வேலையைக் குறைக்கலாம். உயரத்தை அரையடி குறைப்பது, பின்புற வேலைப்பாட்டை எளிமையாக்குவது, பீடத்தைத் தவிர்ப்பது போன்றவை அத்தகைய வழிகள். இப்படிச் செய்தால் நாள் ஒன்றின் மதிப்பு குறையாது.

பதிவும் பாதுகாப்பும்

இந்தியாவில் சுமார் 77 லட்சம் பேர் 2020–21இல் கிக் வேலைகளில் இருந்ததாகவும், 2029–30இல் இது 2.35 கோடியாகலாம் என்றும் நிதி ஆயோக் 2022இல் மதிப்பிட்டது. தனியாகத் தொழில் செய்வது விதிவிலக்கு என்ற நிலை மாறி வருகிறது.

2020 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள உதயம் பதிவைக் குறுந்தொழில் செய்பவர்கள் இணையத்தில் கட்டணமின்றிச் செய்துகொள்ளலாம். 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் வளர்ச்சிச் சட்டப்படி, பதிவு செய்த குறு, சிறு தொழில்களிடம் பொருளோ சேவையோ பெற்ற நிறுவனம் அதிகபட்சம் 45 நாட்களுக்குள் பணம் தர வேண்டும். தவறினால் வட்டியும் கோரலாம். கைவினைஞர்களுக்கு ஒன்றிய அரசின் கைவினைப் பொருள் வளர்ச்சி ஆணையர் அலுவலகம் 'பெஹ்சான்' என்ற அடையாள அட்டை வழங்குகிறது. சரக்கு மற்றும் சேவை வரிப் பதிவு, பொதுவாக, ஆண்டு விற்றுமுதல் பொருளுக்கு 40 லட்சமும் சேவைக்கு 20 லட்சமும் தாண்டினால்தான் கட்டாயம்.

இந்தப் பதிவுகள் மனத்தயக்கத்தையும் ஓரளவு குறைக்கின்றன. "என்ன செய்கிறாய்" என்று உறவினர் கேட்கும்போது காட்ட ஓர் அட்டையும், வங்கியில் நீட்ட ஒரு சான்றிதழும் இருப்பது, தான் செய்வது தொழில்தான் என்பதைத் தனக்கே உறுதிப்படுத்துகிறது.

முடிவுறாத சிற்பங்கள்

மாமல்லபுரத்தில் சிறப்பாகக் கவனிக்கத்தக்கது, அங்குள்ள முடிவுறாத வேலைகள். புகழ்பெற்ற அர்ச்சுனன் தபசுக்கு அப்பால், அதே காட்சியை மறுபடி செதுக்கத் தொடங்கிப் பாதியில் நின்றுபோன இன்னொரு பாறையும் ஊரில் உள்ளது. ஐந்து ரதங்களிலும் பல பகுதிகள் முற்றுப்பெறவில்லை. பிடாரி ரதங்களும் வலையன்குட்டை ரதமும் அடிப்பகுதி வெட்டப்படாமல் நிற்கின்றன. இவை ஏன் நின்றன என்பதில் அறிஞர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. ஆனால் நிறைவுற்ற பெரும் படைப்பும் நின்றுபோன முயற்சியும் ஒரே ஊரில், ஒரே மரபில் வந்தவை. யுனெஸ்கோவின் அறிவிப்பு இரண்டையும் சேர்த்தே காக்கிறது. நின்றுபோன பாறைகள் இல்லாவிட்டால், நிறைவுற்றவை எப்படிச் செய்யப்பட்டன என்பது இன்று நமக்குத் தெரிந்திருக்காது.

தனித்தொழில் தொடங்குபவரின் முதல் ஆண்டிலும் இப்படிச் சில வேலைகள் பாதியில் நிற்கும். சில கற்கள் உடையும். அவற்றை மறைத்து வைக்காமல், எங்கே, ஏன் நின்றது என்று குறித்து வைப்பவருக்கு அவை பாடமாகின்றன.

உதவி நாட வேண்டிய நேரம்

வேலையைத் தொடங்கும் முன் எழுந்து, வேலையில் இறங்கியதும் தணியும் தயக்கம் இயல்பானது. வாரக்கணக்கில் தூக்கம் இல்லாமை, எதிலும் நாட்டமின்மை, ஆட்களைச் சந்திக்கவே முடியாத நிலை, வாழ்வில் வெறுப்பு ஆகியவை தோன்றினால் அது தொழில் தயக்கத்தைத் தாண்டியது. அப்போது மருத்துவரை அணுக வேண்டும். ஒன்றிய அரசின் டெலிமானஸ் மனநல உதவி எண்ணான 14416ஐக் கட்டணமின்றி அழைக்கலாம். தமிழிலும் பேசலாம்.

மரபுச் சிற்பத்தில் தெய்வ உருவத்தின் கண்ணைக் கடைசியில்தான் திறப்பார்கள். அதற்கு முந்தைய நாட்களில் சிற்பி செதுக்குவது பார்வை இல்லாத ஒரு முகத்தைத்தான். அது சரியாக வருமா என்ற ஐயம் கடைசி நாள் வரை அவரோடு இருக்கிறது. ஆனாலும் அன்றைக்கு முடிக்க வேண்டிய பகுதியை அன்றைக்குச் செதுக்குகிறார். புதிதாகத் தொழில் தொடங்குபவரும் ஐயம் முழுதாக நீங்கும் நாளுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. சரியான விலை சொல்லி ஒரு சிறு வேலையை ஏற்று, முடித்துக் கொடுத்து, அடுத்ததற்குப் போவதே அவர் செய்ய வேண்டியது.